மோசமாகப் பதிவான சிடிக்களுக்கு எந்த உயர்தர பிளேயர் வாங்கலாம்?

மாம்பலம்_சேகரிப்பு

வணக்கம். சிடி பிளேயரை மாற்றும் யோசனை. பட்ஜெட் 3 லட்சம் ரூபாய் வரை. கையில் சுமார் 600 சிடி இருக்கிறது. நன்றாகப் பதிவானவை இப்போதைய பிளேயரிலேயே நன்றாகத்தான் கேட்கின்றன. சிக்கல் மற்றவற்றில்தான், எண்ணிக்கையில் அவைதான் அதிகம்.

ஒரு பகுதி 1950, 60களின் கச்சேரிகள். வானொலி நாடாவிலிருந்தோ ரசிகர்கள் ஸ்பூலில் எடுத்து வைத்ததிலிருந்தோ சிடிக்கு வந்தவை. ‘உஸ்’ என்று இரைச்சல் விடாமல் ஓடுகிறது, அடியில் ஒரு ரீங்காரம், குரல் மெலிந்து கேட்கிறது. அடுத்தது 80களின் திரையிசை, அந்தக் காலத்திலேயே அச்சான சிடிக்கள். வயலின் கூட்டம் எழும்பினால் காது கூசுகிறது. பாடகியின் ‘ஸ’, ‘ஷ’ ஊசியாகக் குத்துகிறது. மூன்றாவது, 2000க்குப் பிறகு ‘ரீமாஸ்டர்’ முத்திரையோடு வந்தவை. பல்லவியிலிருந்து கடைசி வரை ஒரே சத்தம், மூன்று பாட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை.

ஆம்ப் 60 வாட், டோன் கன்ட்ரோல் கிடையாது. இரண்டு டிரைவர் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், 14 x 11 அடி அறை. இப்போதைய பிளேயர் 15 வருடப் பழையது, கோஆக்சியல் (டிஜிட்டல்) அவுட்புட் உண்டு. பார்த்து வைத்திருப்பவை யமஹா சிடி-எஸ்2100, மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என், கைமாறி வரும் ஒரு எசோடெரிக். கடைக்காரர்கள் “வார்ம் சவுண்ட் பிளேயர் எடுங்க, எல்லாம் சரியாயிடும்” என்கிறார்கள். நல்ல சிடிக்களின் தெளிவு கெடாமல், இந்த மோசமான சிடிக்களையும் உட்கார்ந்து கேட்கும்படி செய்யும் பிளேயர் எது?

நாடாத்தலை

வணக்கம் சார். பிளேயர் பெயருக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒரே மருந்து மூன்றுக்கும் கேட்காது. விலை கூடிய பிளேயர் தட்டில் உள்ளதை இன்னும் விளக்கமாகக் காட்டும். இரைச்சலையும் சேர்த்துத்தான் காட்டும். எனவே முதலில் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு சிடியை எடுத்துக் கணினியில் ரிப் செய்து, அதாவது கோப்பாக நகலெடுத்துப் பாருங்கள். செலவே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நிரலை செக்யூர் முறையில் வைத்து, ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ ஓட்டுங்கள். இரண்டு சிஆர்சி எண்ணும் (தரவைச் சரிபார்க்கும் எண்) ஒன்றாக வந்தால் வாசிப்பில் குறையில்லை. மற்றவர்களின் ரிப் எண்களைத் தொகுத்த அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில் நம் ஊர் வெளியீடுகள் பல இருக்காது. அதனால் வேறொரு டிரைவிலும் ஒருமுறை ரிப் செய்து எண்ணை ஒப்பிடுங்கள். எண் மாறிக்கொண்டே இருந்தால் பதிவைக் குறை சொல்லாதீர்கள், அங்கே தட்டுதான் பழுது. பிழை திருத்தம் தோற்ற இடங்களை பிளேயர் முன்பின் மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பும். அது சில தட்டுகளில் ‘டிக் டிக்’ என்றும், சிலவற்றில் மங்கலான கரகரப்பாகவும் கேட்கும்.

வாசிப்பு சரி என்றால் கோப்பை ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்த நிரலில் திறங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

அலையின் தலை. நெருங்கிப் போய்ப் பார்த்தால் உச்சிகள் மொட்டை மாடிபோல் தட்டையாக இருக்கின்றனவா? இருந்தால் மாஸ்டரிங்கிலேயே தலை வெட்டுப்பட்டது. உங்கள் மூன்றாம் பகுதி பெரும்பாலும் இதுதான்.

அலைவரிசைப் படம். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்ததுபோல் நின்றால், அந்த சிடி எம்பி3 கோப்பிலிருந்து எழுதப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். 128 கிலோபிட் கோப்புகளின் அடையாளம் அது. போனது போனதுதான், எந்த பிளேயரும் மீட்டுத் தராது. வேறு பதிப்பு தேடுங்கள். நாடாவிலிருந்து வந்ததென்றால் இப்படி வெட்டாமல் மெதுவாகச் சரியும். கேசட்டிலிருந்து எடுத்ததென்றால் இன்னொன்றும் உண்டு: டால்பி பி (ட்ரெபிளைத் தூக்கிப் பதிந்து, ஓட்டும்போது இறக்கும் இரைச்சல் குறைப்பு) போட்டுப் பதிவான கேசட்டை டால்பி இல்லாமல் ஓட்டி மாற்றியிருந்தால், மெல்லிய ஒலிகளில் ட்ரெபிள் 10 டெசிபெல் வரை தூக்கியிருக்கும்.

இடது வலது வித்தியாசம். ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை ‘இன்வெர்ட்’ செய்து, இரண்டையும் கலந்து பாருங்கள். பாட்டு மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சினால் அது உண்மையில் மோனோ பதிவு. 50, 60களின் கச்சேரிகள் எல்லாம் அநேகமாக இப்படித்தான். இது நல்ல செய்தி: இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாகக் கேட்டால் பாட்டு அப்படியே இருக்கும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் 3 டெசிபெல் குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாடாவை மாற்றியபோது ஹெட்டின் அசிமத் கோணம் (நாடாவுக்குச் செங்குத்தாக நிற்பது) சரியாக இல்லையென்றால், ஒரு சேனல் மற்றதைவிட மயிரிழை பிந்தும். சிடியில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை (44.1 கிலோஹெர்ட்ஸ்) அளந்து பதிகிறார்கள், அந்த அளவு ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள், 22.7 மைக்ரோ விநாடி. 2 சாம்பிள் பிந்தினால் கூட்டும்போது 11 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 3 சாம்பிள் என்றால் 7.35 கிலோஹெர்ட்ஸில். மோனோவாக்கியதும் தம்புராவின் ஜீவன் போய்விட்டால் காரணம் இதுதான். ஆடாசிட்டியில் நன்றாகப் பெரிதாக்கி, மிருதங்கத்தின் ஒரு ‘சாப்பு’ விழும் இடத்தில் இரண்டு அலையின் உச்சியையும் பாருங்கள். விலகியிருந்தால் ஒன்றை நகர்த்திப் பொருத்திவிட்டுக் கூட்டுங்கள். அது கைகூடாவிட்டால் இரண்டில் சுத்தமான சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் ஓட்டுங்கள்.

நான்காவது, சுருதி. குரல் மெலிந்து கேட்கிறது என்றீர்களே, அதற்கு ட்ரெபிள் மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். நாடா வேகம் தவறியிருக்கலாம். பாடகர் வழக்கமாக 1 கட்டையில் பாடுபவர், சிடியில் 1½ கட்டையில் நிற்கிறது என்றால் வேகம் கிட்டத்தட்ட 6% கூடுதல். வேகம் கூடும்போது குரலின் உருவமே சுருங்கும், வயதும் குறைந்ததுபோல் ஆகும். ஆடாசிட்டியின் வேகம் மாற்றும் வசதியில் -5.6% போட்டால் அரைக் கட்டை இறங்கும். இதைச் சரிசெய்ததும் பாதி ‘மோசமான பதிவு’ நல்ல பதிவாகிவிடும். வீட்டுக்கான உயர்தர சிடி பிளேயர்களில் வேகக் கட்டுப்பாடு இருப்பது அபூர்வம். டிஜே பிளேயர்களில்தான் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை கடைக்குப் போகாதீர்கள்.

சால்டரிங்_கம்பி

நாடாத்தலை ஐயா சொன்னதோடு, வெட்டுப்பட்ட ‘ரீமாஸ்டர்’ சிடிக்களுக்கும் 80களின் சிடிக்களுக்கும் பிளேயர் பக்கம் உண்மையிலேயே பலன் தரும் இரண்டு அம்சம் இருக்கிறது. விளம்பரத் தாளில் பெரும்பாலும் வராது. கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது ஹெட்ரூம், அதாவது உச்ச வரம்புக்கு மேலே விட்டுவைக்கும் இடம். சத்தத்தை ஏற்றி அழுத்திய சிடியில் சாம்பிள்கள் எல்லாம் டிஜிட்டலின் உச்ச வரம்பான 0 டெசிபெல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தடுத்த இரண்டு சாம்பிளுக்கு நடுவே உண்மையான அலை 0-வைத் தாண்டி மேலே போகும், 3 டெசிபெல் வரைகூட. பிளேயருக்குள் இருக்கும் ஓவர்சாம்பிளிங் ஃபில்டர் (சாம்பிள்களுக்கு நடுவே புதிய புள்ளிகளைப் போடுவது) அந்த நடு மதிப்பைக் கணக்கிட்டாக வேண்டும். அதற்கு மேலே இடம் விடாமல் வடிவமைத்திருந்தால் அங்கேயும் ஒருமுறை தலை வெட்டும். தட்டில் ஏற்கெனவே இருக்கிற வெட்டோடு பிளேயர் போடும் வெட்டும் சேர்ந்துகொள்கிறது. காது சீக்கிரம் களைக்க இதுவும் ஒரு காரணம்.

தனி சிடி பிளேயரில் வால்யூமைக் குறைப்பதால் இது சரியாகாது. நீங்கள் ஆம்பில் குறைப்பது ஃபில்டருக்குப் பிறகு. ஃபில்டருக்கு முன்னாலேயே டிஜிட்டலில் 3 முதல் 4 டெசிபெல் இறக்க வேண்டும். டி.ஏ.சி. (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) வகையில் பெஞ்ச்மார்க் டிஏசி3-யில் 3.5 டெசிபெல் ஹெட்ரூமை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆர்எம்ஈ ஏடிஐ-2 டிஏசியில் வால்யூம் டிஜிட்டலில் நடப்பதால் -3 டெசிபெல்லுக்குக் கீழே வைத்தாலே போதும். கணினியிலிருந்து ஓட்டினால் ஃபூபார்2000-இல் ரீப்ளேகெயின் (ஆல்பங்களின் சத்தத்தைச் சமமாக்கும் வசதி) போடுங்கள், சத்தமான ஆல்பங்கள் தாமாக 6 முதல் 10 டெசிபெல் இறங்கும்.

வாங்கப்போகும் பிளேயரைச் சோதிக்க ஒரு வழி: 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலையை 45 டிகிரி கட்டத்தில் உருவாக்கி, சாம்பிள் உச்சியை 0 டெசிபெல்லுக்கு நார்மலைஸ் செய்தால் உண்மையான உச்சி +3 டெசிபெல் வரும். அதே அலையை -6 டெசிபெல்லிலும் இன்னொரு தடமாகப் போட்டு சிடி-ஆரில் எழுதுங்கள். ஆசிலோஸ்கோப்பில் முதல் தடம் இரண்டாவதைப் போலச் சரியாக இருமடங்கு உயரம் இருக்க வேண்டும். உச்சி தட்டையானால் ஹெட்ரூம் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், ட்வீட்டருக்கு இது ஆகாது.

இரண்டாவது ப்ரீ-எம்ஃபசிஸ். 80களில், குறிப்பாக ஜப்பானில் அச்சான சிடிக்கள் சிலவற்றில் ட்ரெபிளைத் தூக்கிப் பதிந்து, பிளேயர் அதை இறக்கிக்கொள்ளும்படி ஒரு குறி வைத்திருப்பார்கள். 50/15 மைக்ரோ விநாடி வளைவு. பிளேயர் இறக்காவிட்டால் 3 கிலோஹெர்ட்ஸில் 2.4, 5-இல் 4.5, 10-இல் 7.6, 20-இல் 9.5 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். நீங்கள் சொன்ன ‘ஊசியாகக் குத்துகிறது’ அச்சு அசலாக இதுதான். பழைய பிளேயர்கள் குறியைப் பார்த்ததும் தாமே இறக்கிவிடும். கோஆக்சியல் வழியாக வெளி டி.ஏ.சி.க்கு அனுப்பும்போதுதான் சிக்கல், அந்தக் குறியைக் கண்டுகொள்ளாத டி.ஏ.சி.கள் நிறைய. ரிப் செய்தாலும் இறங்காது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் தடப் பட்டியலில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்று ஒரு பத்தி இருக்கும், ‘யெஸ்’ என்று வருகிறதா பாருங்கள். சில தட்டுகளில் குறி உள்ளடக்க அட்டவணையில் இல்லாமல், பாட்டோடு ஓடும் துணைக் குறியீட்டில் மட்டும் இருக்கும். கணினி அதைத் தவறவிடலாம். ரிப் செய்த கோப்பை சாக்ஸ் நிரலின் டீஎம்ஃப் கட்டளையில் ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

வால்வு_விரும்பி

கணக்கெல்லாம் சரி, கேட்பது காது அல்லவா? ஓவர்சாம்பிளிங் இல்லாத டி.ஏ.சி., அதாவது என்ஓஎஸ், கூடவே வால்வு அவுட்புட் உள்ள பிளேயர் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பிலிப்ஸ் டிடிஏ1541 சிப் போட்ட 80களின் பிளேயர்களுக்கு இன்றும் ஏன் இவ்வளவு மதிப்பு? கூசும் பதிவுகளை அவை மென்மையாக்குகின்றன. என்ஓஎஸ்ஸில் ஃபில்டரே இல்லாததால் மேலே சொன்ன ஹெட்ரூம் பிரச்சினையும் இல்லை. வால்வு சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் மெலிந்த குரலுக்குச் சதை கொடுக்கும். மூன்று லட்சத்தில் இந்த வழியில் அருமையான பிளேயர் கிடைக்கும்.

சால்டரிங்_கம்பி

ஹெட்ரூம் பற்றிச் சொன்னது சரி நண்பரே, என்ஓஎஸ்ஸில் அந்த டிஜிட்டல் வெட்டு வராது. மென்மை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் அது இவருக்குப் பயன்படுமா என்பது தெரியும்.

ஃபில்டர் இல்லாத டி.ஏ.சி. 44.1 கிலோஹெர்ட்ஸில் தானாகவே மேலே சரியும்: 10 கிலோஹெர்ட்ஸில் 0.75, 15-இல் 1.7, 20-இல் 3.2 டெசிபெல். 4 கிலோஹெர்ட்ஸில் வெறும் 0.1. பாடகியின் குரல் கூசுவதும் வயலின் கூட்டம் கிழிப்பதும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள். அங்கே என்ஓஎஸ் தொடவே இல்லை. தொடும் இடத்திலோ எல்லா சிடிக்கும் சேர்த்துத்தான் குறைக்கும். நல்ல சிடிக்களின் தெளிவு கெடக் கூடாது என்பது இவருடைய முதல் நிபந்தனை. அந்தச் சரிவுதான் வேண்டுமென்றால் ஒரு ஷெல்ஃப் ஈக்யூவில் (ஓர் அலைவரிசைக்கு மேலே அல்லது கீழே முழுவதையும் ஏற்றி இறக்கும் டோன் திருத்தம்) போட்டுக்கொள்ளலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். சிப் போட்டு வாங்கிவிட்டால் எடுக்க முடியாது.

வால்வு அவுட்புட்டில் இன்னொன்று பார்க்க வேண்டும். சிலவற்றின் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 2 கிலோஓம் வரை போகும். ஆம்பின் இன்புட் 10 கிலோஓம் என்றால் அங்கேயே 1.6 டெசிபெல் குறையும். கடையில் இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது சத்தம் குறைந்தது ‘மென்மை’யாகவும், கூடியது ‘உயிரோட்ட’மாகவும் கேட்கும். 2 வோல்ட் பிளேயருக்கும் 2.5 வோல்ட் பிளேயருக்கும் மட்டுமே 1.9 டெசிபெல் வித்தியாசம். எனவே எந்த பிளேயரைக் கேட்டாலும் முதலில் அளவைச் சமமாக்குங்கள். 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை -20 டெசிபெல்லில் சிடி-ஆரில் எழுதி ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 1.00 வோல்ட் வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். அடுத்த பிளேயருக்கும் அதே 1.00. 0.01 வோல்ட் விலகினால் 0.1 டெசிபெல்தான், பரவாயில்லை. சாதாரண மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும், அதனால்தான் 200 என்றேன்.

லென்ஸ்_சர்வீஸ்

கைமாறி வரும் எசோடெரிக் பற்றி. அதன் விஆர்டிஎஸ் மெக்கானிசம் தட்டை முழு அகலத்துக்கும் ஒரு டர்ன்டேபிளோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும், கட்டுமானம் அற்புதம். ஆனால் பழைய பிளேயர் எதுவானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லேசர் பிக்கப் இன்று கிடைக்கிறதா என்பதுதான். பிலிப்ஸ் சிடி-புரோ2 போன்ற மெக்கானிசங்களின் உற்பத்தி நின்றுவிட்டது. அதைப் போட்ட பிளேயர்களுக்கு உதிரி தேடுவது பெரும்பாடு. பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பார்க்கும்போது மூன்று தட்டு எடுத்துப் போங்கள். ஒன்று 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் அச்சுத் தட்டு, கடைசித் தடத்தைப் போடுங்கள். விளிம்புக்குப் போகும்போது தடுமாறினால் லேசரை நகர்த்தும் ஸ்லெட்டோ லேசரோ தளர்ந்திருக்கிறது. இரண்டாவது ஒரு சிடி-ஆர். அதன் பிரதிபலிப்பு அச்சுத் தட்டைவிடக் குறைவு, களைத்த லேசர் அங்கே முதலில் திணறும். சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25% வரைதான் பிரதிபலிக்கும், பழைய பிளேயர் அதைப் படிக்காவிட்டால் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது லேசாகக் கீறிய தட்டு.

உங்கள் தட்டுகளையும் ஒருமுறை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் அலுமினியம் போய்க்கொண்டிருக்கிறது. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சிடிக்கள் பல, விளிம்பிலிருந்து வெண்கல நிறமாகிப் படிக்க முடியாமல் போயிருக்கின்றன. அப்படித் தெரிந்தால் உடனே ரிப் செய்துவிடுங்கள். அடிப்பக்கக் கீறல் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டில்தான், பாலிஷ் போட்டால் போகும். படம் அச்சிட்ட மேல்பக்கக் கீறல் நேராக அலுமினியத்தில் விழும், அதற்கு மருந்தில்லை. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் திசையிலேயே விழுந்து நீண்ட பிழையாகும்.

மாம்பலம்_சேகரிப்பு

எல்லோருக்கும் நன்றி. ஆறு சிடி பார்த்தாயிற்று, விவரம் இது.

இரண்டு டிரைவிலும் சிஆர்சி ஒத்துப்போனது, ஆறும் சரி. கச்சேரி சிடி இரண்டும் மோனோ. ஒன்றில் வித்தியாசத் தடத்தில் இரைச்சல் மட்டும். மற்றதில் குரலின் ‘ஸ’ ஒலிகளும் மெலிதாக மிஞ்சுகின்றன. அளந்ததில் 3 சாம்பிள் விலகல். சுருதி இரண்டிலும் 1 கட்டை, சரியாகவே இருக்கிறது. ரீங்காரம் 50, 100 ஹெர்ட்ஸில். திரையிசை இரண்டில் ஒன்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் ‘யெஸ்’, மற்றதில் ‘நோ’, ஆனால் இரண்டும் கூசுகின்றன. ரீமாஸ்டர் இரண்டில் ஒன்று தட்டை உச்சி, டிஆர் மீட்டர் (மெல்லிய, உரத்த ஒலிகளின் இடைவெளியை அளப்பது) 6 காட்டுகிறது. மற்றது 16 கிலோஹெர்ட்ஸில் நேராக வெட்டு.

இப்போதைய பிளேயர் ப்ரீ-எம்ஃபசிஸ் தட்டைச் சரியாக இறக்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஈக்யூ என்ன மதிப்பில் போடுவது?

சால்டரிங்_கம்பி

அந்தத் தட்டின் ஒரு பாட்டை ரிப் செய்து, டீஎம்ஃப் ஓட்டிய பிரதி ஒன்று, ஓட்டாத பிரதி ஒன்று, இரண்டையும் சிடி-ஆரில் எழுதுங்கள். எழுதும் நிரலில் ப்ரீ-எம்ஃபசிஸ் குறி அணைந்திருக்கட்டும். அசல் தட்டை அதே பிளேயரில் அனலாக் வழியாக ஓட்டி, எந்தப் பிரதியோடு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். 7 டெசிபெல் வித்தியாசம், சந்தேகமே வராது. அசல் தட்டு ஓட்டாத பிரதி மாதிரி இருந்தால் பிளேயர் இறக்கவில்லை.

உங்கள் பணத்துக்கு என் சிபாரிசு: இப்போதைய பிளேயரையே டிரான்ஸ்போர்ட்டாக (தட்டைப் படித்து டிஜிட்டலை மட்டும் வெளியே அனுப்புவது) வைத்துக்கொண்டு ஏடிஐ-2 டிஏசி. ஐந்து பட்டை பாராமெட்ரிக் ஈக்யூ, டோன் கன்ட்ரோல், மோனோ, டீ-எம்ஃபசிஸ் தானாகவும் கையாலும் போடும் வசதி, ஹெட்ரூம், எல்லாம் ஒரே பெட்டியில். ஒவ்வொரு வகை சிடிக்கும் ஒரு செட்டிங் சேமித்து வைக்கலாம். நல்ல சிடி போடும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிஞ்சும். பிளேயர் களைத்துப்போனால் பிறகு ஆடியோலேப் 6000சிடிடி, கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்சி மாதிரி டிரான்ஸ்போர்ட் மட்டும் வாங்கலாம். யமஹாவும் மராண்ட்ஸும் அருமையான பிளேயர்கள்தான், எஸ்ஏசிடி தட்டுகள் (சிடியைவிட உயர் தரத்தில் பதியும் தனி வகை) நிறைய இருந்தால் அவற்றையே சொல்வேன், ஏனெனில் எஸ்ஏசிடி அடுக்கு கோஆக்சியல் வழியாக வெளியே வராது. நீங்கள் சொன்ன தட்டுகளில் எஸ்ஏசிடி இல்லை.

நாடாத்தலை

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் சார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், மதிப்புகளை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு அரை அரை டெசிபெல்லாக நகர்த்துங்கள்.

முதல் கச்சேரி சிடி மோனோ பொத்தான் போட்டாலே தீர்ந்தது. இரண்டாவதை அப்படியே மோனோவாக்காதீர்கள். 3 சாம்பிள் விலகலில் 7.35 கிலோஹெர்ட்ஸ் காணாமல் போகும். கணினியில் நகர்த்திக் கூட்டி, சிடி-ஆரில், தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ராகத்துக்கும் கிருதிக்கும் நடுவே 2 விநாடி வெட்டு விழும். இரைச்சலுக்கு 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஹை ஷெல்ஃப் -3 டெசிபெல். குரலுக்குச் சதை வேண்டுமென்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் +2. ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கியைத் தொட்டால் 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள். 12 போட்டால் இரைச்சலோடு தம்புராவின் கார்வையும் போய், குரல் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல் ஆகிவிடும். மெல்லிய இரைச்சலோடு உயிருள்ள தம்புரா கேட்பது எவ்வளவோ மேல்.

ரீங்காரத்தில் மட்டும் மிகவும் கவனம். 50 ஹெர்ட்ஸில் தாராளமாக நாட்ச் (ஒரு குறுகிய பட்டையை மட்டும் வெட்டுவது) போடலாம், கியூ 10 (கியூ கூடினால் பட்டை குறுகும்). 100-இல் அப்படிச் செய்யாதீர்கள். 1 கட்டை சுருதியில் மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அகலமான நாட்ச் போட்டால் தம்புராவின் பஞ்சமக் கம்பியையும், பாடகர் கீழே இறங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். கியூ 30-க்குக் குறையாமல், ஆழம் 6 டெசிபெல் மட்டும். அப்படிப் போட்டும் பஞ்சமம் மெலிந்தால் 100-ஐ விட்டுவிடுங்கள்.

‘யெஸ்’ காட்டிய திரையிசைக்கு டீ-எம்ஃபசிஸ் போதும், மேலே ஈக்யூ வேண்டாம். ‘நோ’ காட்டியதற்கு அதைப் போட்டுப் பார்த்து, ஹை-ஹாட் தாளம் செத்துப்போனால் உண்மையிலேயே குறி இல்லாத தட்டு, அப்போது 3.2 கிலோஹெர்ட்ஸில் -2.5 டெசிபெல், கியூ 1, கூடவே 7 கிலோஹெர்ட்ஸில் -2, கியூ 2. முதலாவது வயலினுக்கு, இரண்டாவது ‘ஸ’வுக்கு. ஸ்பீக்கர்கள் உங்கள் முகத்தை நேராகப் பார்க்கின்றன என்றால் 10, 15 டிகிரி வெளிப்பக்கம் திருப்பிவிட்டு அதன் பிறகு ஈக்யூவைத் தொடுங்கள்.

டிஆர் 6 காட்டும் ரீமாஸ்டருக்கு ஈக்யூ பெரிதாக உதவாது. வால்யூம் -3க்குக் கீழே, 3 கிலோஹெர்ட்ஸில் -1.5, அவ்வளவுதான். ஆடாசிட்டியின் ‘கிளிப் ஃபிக்ஸ்’ ஓட்டிப் பார்க்கலாம்: வாசல் (த்ரெஷோல்ட்) 95%, உச்சிகள் வளர இடம் விட -9 டெசிபெல். சில நிமிடப் பாட்டுக்கே நேரம் எடுக்கும். தோலக், டிரம் அடிகள் கொஞ்சம் வடிவத்துக்கு வரும், முழுதாக மீளாது. அதே பாட்டின் 90களின் பழைய அச்சு கிடைத்தால் அதுதான் சரியான தீர்வு, பழைய சிடிக் கடைகளில் விலையும் குறைவு. 16 கிலோஹெர்ட்ஸில் வெட்டிய தட்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு அதற்கும் பழைய அச்சையே தேடுங்கள்.

எந்தப் பட்டையிலாவது + மதிப்பு போட்டால், அதே அளவுக்கு வால்யூமை முன்னாலேயே இறக்க மறக்காதீர்கள். +2 ஷெல்ஃப் என்றால் ஹெட்ரூமுக்கான 3-ஓடு சேர்த்து -5.